60 மில்லிக்குக் கீழே உண்மை செல்லாது

பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட்டைக் கிழித்து வாங்கித் திருப்பிப் பாருங்கள். விலை இருக்கும். தேதி இருக்கும். மினுமினுக்கும் கூந்தலோடு ஒரு பெண்ணும் இருப்பார். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்பது மட்டும் இல்லாமல் போகலாம்.

கம்பெனிக்காரன் திருடன் என்று கொதிக்காதீர்கள். அவன் சட்டப்படிதான் நடக்கிறான். அழகுசாதனப் பொருள்களுக்கான மத்திய அரசின் 2020ஆம் ஆண்டு விதிகள், சேர்மானப் பட்டியலை லேபிளில் அச்சிடச் சொல்கின்றன. அடுத்த மூச்சிலேயே ஒரு சலுகை: திரவம் 60 மில்லிக்குக் குறைவா, மற்றவை 30 கிராமுக்குக் குறைவா, பட்டியல் வேண்டியதில்லை.

ஆக, 300 ரூபாய் பாட்டில்காரருக்குத் தகவல் அறியும் உரிமை உண்டு. ஒரு ரூபாய்க்காரருக்குத் தலை மட்டும் உண்டு.

பாக்கெட் ஷாம்புக்கு வழிகாட்டியது நம் கடலூர்தான். ஏழைக்கும் ஷாம்பு என்று புரட்சி செய்தார்கள். புரட்சி ஏழையின் தலைவரை வந்தது. கண்வரை வரவில்லை. இடம் போதாதாம்! கூந்தல் படத்துக்குப் போதுகிற இடம்.

தண்ணீர் கலந்த பண்டத்தில் பூஞ்சையும் கிருமியும் குடியேறும். தடுக்க ஏதாவது போட்டாக வேண்டும். அதில் சண்டை இல்லை. எதைப் போட்டாய் என்று கேட்டால்தான் வாய் மூடிக்கொள்கிறது. டிஎம்டிஎம் ஹைடன்டாயின் என்று ஒருவர் இருக்கிறார். கொஞ்சம் கொஞ்சமாக ஃபார்மால்டிஹைடை வெளியே விடுவதே இவர் உத்தியோகம். அதைத் தண்ணீரில் கரைத்தால் ஃபார்மலின். 2018இல் ஃபார்மலின் மீன் என்று கேரள எல்லையில் லாரிகளை மடக்கினார்களே, நாமும் வாரக்கணக்கில் மீன் கடைப் பக்கம் போகவில்லையே, அதேதான். மீனில் இருந்தால் தலைப்புச் செய்தி. தலையில் இருந்தால் பளபளப்பு.

நுரை போட்டவருக்கெல்லாம் புற்றுநோய் என்று பீதி கிளப்பவில்லை. அளவு சொற்பம். ஆனால், தோல் ஒவ்வாமை உள்ளவருக்கு அந்தச் சொற்பம் போதும். ஐரோப்பிய ஒன்றியம் அதைத்தான் யோசித்தது. 10 லட்சத்தில் 10 பங்குக்கு மேல் ஃபார்மால்டிஹைட் வெளிவந்தால் லேபிளில் எச்சரிக்க வேண்டும் என்று 2022இல் விதியை இறுக்கியது. அங்குள்ள தோல் தோல். இங்குள்ளது தோல் மாதிரி ஏதோ ஒன்று.

பாட்டில்காரரும் துள்ள வேண்டாம். ஒரு சதவீதமோ அதற்குக் குறைவோ உள்ள சரக்கைப் பட்டியலின் வாலில் எந்த வரிசையிலும் எழுதலாம். கெடாமல் காக்கும் ரசாயனங்கள் பெரும்பாலும் அந்த வாலில்தான், பாட்டிலின் வளைவில், எறும்புக்கும் கண்ணாடி தேவைப்படும் எழுத்தில். முன்பக்கத்தில் மட்டும் கொட்டை எழுத்து: ‘பாரபென் இல்லை’. கடைக்காரனிடம் என்ன இருக்கிறது என்று கேட்டால், என்ன இல்லை என்று ஒப்பிக்கிறான். அதற்குத் தனி விலை வேறு.

அந்த ‘இல்லை’யின் வண்டவாளம் இது. பாரபெனும் கெடாமல் காக்கும் ரசாயனம்தான். 2004இல் மார்பகக் கட்டிகளில் பாரபென் தென்பட்டதாகப் பிரிட்டனில் ஓர் ஆய்வு வந்தது. கட்டிக்கு அதுதான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. விளம்பரத் துறைக்கு நிரூபணம் எதற்கு? பாரபெனைத் தூக்கிய பல கம்பெனிகள் அந்த நாற்காலியில் மெத்தில்ஐசோதயசோலினோனை உட்கார வைத்தன. கிணறு வெட்டினார்கள், பூதம் கிளம்பியது. அரிப்பும் தடிப்புமாக ஜனங்கள் ஆஸ்பத்திரியில் வரிசை கட்டினார்கள். 2013இல் அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர் சங்கம் அதற்கு ‘ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்’ பட்டம் கொடுத்தது. பூசிக் கழுவாமல் விடும் கிரீம்களில் அதை ஐரோப்பா 2017இல் தடை செய்தது. உச்சகட்டக் காமெடி 2019இல். அதே சங்கம் அந்த ஆண்டின் ‘ஒவ்வாமை தராத பொருள்’ என்று அறிவித்தது யாரை? துரத்தப்பட்ட பாரபெனை!

பயத்தை விற்றவன் சம்பாதித்தான். மாற்றை விற்றவன் சம்பாதித்தான். இருவரும் ஒரே ஆள். சொறிந்துகொண்டது மட்டும் நாம்.

அதிகாரிகளே, பெரிய ஆராய்ச்சி எதுவும் கேட்கவில்லை. அந்த 60 மில்லி சலுகையை எடுங்கள். பாக்கெட்டில் இடமில்லையா, சரத்தின் தலைப்பில் ஓர் அட்டை கட்டச் சொல்லுங்கள். முடியாதா? அப்படியானால் நுகர்வோர் தினத்தன்று ‘லேபிளைப் படித்து வாங்குவீர்’ என்று ஊருக்கு உபதேசம் செய்கிறீர்களே, எழுதாததைப் படிக்க எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.