ஸ்வே பார் அண்ணன்

ஜிஎஸ்டி சாலையில் பெருங்களத்தூருக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே பரவலாகத் தென்படும் மனித வகைகளுள் ஸ்வே பார் அண்ணன் ஒருவர். பொத்தேரியில் இவருடைய நடமாட்டம் சற்று அதிகம். பல்கலைக்கழகத்தைச் சுற்றி எழும்பிய அடுக்குமாடி, அதன் அடித்தளத்தில் ஆளுக்கொரு கார் நிறுத்தம், தவணை கட்டத் தோதான ஐ.டி. சம்பளம் ஆகிய மூன்றும் கூடிய இடத்தில் இவர் முளைத்துவிடுவார். வயது முப்பத்தைந்துக்கு மேல், ஐம்பதுக்குள். வண்டி பெரும்பாலும் 2020 அக்டோபரில் சந்தைக்கு வந்த மகேந்திராவின் புதிய தார். சிறுபான்மையினர் 2023இல் வந்த ஜிம்னியை வைத்திருப்பார்கள். குர்கா வைத்திருப்பவர் அபூர்வம். அவரைக் கண்டால் மற்ற இருவரும் தாமாகவே வழிவிடுவார்கள்.

அடையாளம் காண்பது எளிது. பானெட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர் காணாத ஸ்நார்க்கல், கூரைமேல் மண் தொடாத மண்வெட்டி, முன் பம்பரில் இதுவரை எவரையும் இழுக்காத சிவப்புக் கொக்கி. ஏறுவதற்கான பக்கப்படியைக் கழற்றிப் பரணில் போட்டிருப்பார். பாறைமேல் ஏறி இறங்கும்போது அது இடிக்குமாம். அதன் விளைவை அனுபவிப்பவர் மாமியார். சிங்கப்பெருமாள் கோயில் நரசிம்மரைச் சேவிக்கக் கிளம்பும் சனிக்கிழமைகளில் வாட்ச்மேன் தன் பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து போடுவார். அம்மாள் ஒரு கையால் கைப்பிடியையும் மறு கையால் மகளின் தோளையும் பற்றிக்கொண்டு, "மாப்ள, இதுக்கு லாரியே வாங்கியிருக்கலாம்" என்றபடி ஏறுவார். கோயில்வரை பாதை நெடுகத் தார்ச்சாலை.

ஆரம்ப கட்டத்தில் இவர் டயர் மாற்றுவார். அடுத்து ஸ்பிரிங் மாற்றி வண்டியை இரண்டு அங்குலம் தூக்குவார். ஸ்வே பார் லிங்க் என்பது மூன்றாம் கட்டம். இதை எட்டியவர் பொதுவாகத் திரும்புவதில்லை.

அந்தப் பொருள் இன்னதென்று தெரிந்தால்தான் இவரைப் புரிந்துகொள்ள முடியும். வண்டியின் அடியில், இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவே, 'ப' வடிவில் வளைத்த எஃகுக் கம்பி ஒன்று குறுக்கே கிடக்கும். அதன் நடுப்பகுதி ரப்பர் புஷ் வைத்துச் சேஸிஸோடு பிடிக்கப்பட்டிருக்கும். இரு முனைகளும் ஆளுக்கொரு சிறு தண்டு வழியாகச் சக்கரத்தைத் தாங்கும் ஆர்மிலோ ஆக்சிலிலோ சேரும். கம்பிதான் ஸ்வே பார், தண்டுதான் லிங்க். ஒர்க் ஷாப்பில் இதை ஸ்டெபிலைசர் லிங்க் என்பார்கள், அல்லது சுருக்கமாக லிங்க் ராடு. கனடாவைச் சேர்ந்த ஸ்டீபன் கோல்மன் 1919இல் ஸ்வே பாருக்குக் காப்புரிமை பெற்றார்.

வளைவில் திரும்பும்போது வண்டியின் உடல் வெளிப்பக்கம் சாயும். அப்போது கம்பி முறுக்கப்பட்டு, முறுக்கை எதிர்த்து, உடலை நிமிர்த்தப் பார்க்கும். இரு சக்கரமும் ஒருசேர வேகத்தடைமேல் ஏறினால் கம்பி வெறுமனே சுழலும், வேலை ஒன்றும் செய்யாது. சிக்கல் காட்டுப்பாதையில்தான். ஒரு சக்கரம் கல்மேல் ஏற, மற்றது குழிக்குள் இறங்க வேண்டும். கம்பி அதற்கு விடாது. இறங்க வேண்டிய சக்கரத்தை மேலே பிடித்துவைக்கும். அது தரையைத் தொடாமல் தொங்க, எஞ்சினின் சுழற்சியெல்லாம் அந்தத் தொங்கும் சக்கரத்துக்கே போய் அது சும்மா சுற்றும், வண்டி நகராது. சக்கரங்கள் ஒன்றையொன்று சட்டை செய்யாமல் மேலும் கீழும் போய்வரும் திறனுக்கு ஆர்ட்டிகுலேஷன் என்று பெயர். அண்ணனின் வாயில் ஒரு நாளைக்கு அதிகம் புழங்கும் சொல் இது.

கூடுவாஞ்சேரி ஒர்க் ஷாப் ஒன்றில் நடக்கும் உரையாடல் ஏறக்குறைய இப்படி இருக்கும்.

"அண்ணா, ஆர்ட்டிகுலேஷன் பத்தலை."

"எங்க சார் பத்தலை?"

"பொதுவா."

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு கீழே குனிந்து பார்ப்பார். "ரெண்டு இன்ச் தூக்கியிருக்கீங்க. பழைய லிங்க்கே கெடக்கு. பாருங்க, கம்பியோட கை கீழ பாத்துத் தொங்குது. அது தரைக்கு மட்டமா நிக்கணும், லிங்க் நேரா நிக்கணும். அதுக்கு ஏத்த நீளத்துல ஒரு ஜோடி போட்டா தீந்துது சார்."

விஷயம் உண்மையில் இவ்வளவுதான். ஆனால் அண்ணனுக்கு எளிதில் தீரும் விஷயம் பிடிக்காது. அன்றிரவே லிங்க் பற்றிய ஆராய்ச்சி தொடங்கும். மனைவி "என்னங்க, பையனுக்கு நாளைக்கு மேத்ஸ் டெஸ்ட்" என்று சொல்வது காதில் விழாது.

நீளம் மாறாத லிங்க் ஒரு வகை. தூக்கிய உயரம் நிலையாக இருந்தால் அது போதும், ஆடாது, விலையும் குறைவு. இரு முனையிலும் எதிரெதிர் மரை போட்டு, நடுவில் திருகினால் நீளம் கூடிக் குறையும் வகை இன்னொன்று. அண்ணன் விரும்புவது இதை, ஏனென்றால் இதில் திருகுவதற்கு ஏதோ இருக்கிறது. மூன்றாவது வகையில் ஒரு பின் இருக்கும். காட்டுக்குள் நுழையுமுன் அதை உருவினால் கம்பி சக்கரத்திலிருந்து விடுபடும். ரேங்ளர் ரூபிகான் வண்டியில் இந்த வேலையை ஒரு பொத்தானே செய்துவிடும். சுமார் 29 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் அதுவே திரும்பவும் கம்பியை இணைத்துக்கொள்ளும். அண்ணனின் வண்டியில் அந்தப் பொத்தான் அண்ணன்தான்.

முனையில் என்ன மூட்டு என்பது அடுத்த கேள்வி. ரப்பர் புஷ் சத்தமில்லாதது, ஆனால் அதிகம் வளையாது. கம்பெனி போடும் பால் ஜாயின்ட்டுக்குக் கிரீஸும் ரப்பர் உறையும் உண்டு. உறை கிழிந்தால் தண்ணீர் புகுந்து ஆயுசு முடியும். பந்தய வண்டிகளில் வரும் ஹெய்ம் ஜாயின்ட் நன்றாக வளைந்து கொடுக்கும், பார்க்கவும் பளபளவென்று இருக்கும். அதற்கு உறை கிடையாது. தாம்பரம் பக்கத்துப் புழுதியும் ஐப்பசி மழையும் மாறி மாறி உள்ளே போனால், சிறிய பள்ளத்துக்கும் 'கடக் கடக்' என்று பதில் சொல்ல ஆரம்பித்துவிடும். அண்ணன் தேர்ந்தெடுப்பது ஹெய்ம் ஜாயின்ட். ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைக்காரர் இரண்டு முறை "ரப்பர் போடுங்க சார்" என்று சொன்ன பிறகும்.

நீளத்தைக் கணக்கிடும் இடத்தில் இவ்வகையினர் பெரும்பாலோர் தவறுகிறார்கள். ஜிம்னியின் முன்பக்கம் ஒரே தண்டாக ஓடும் ரிஜிட் ஆக்சில். வண்டியை இரண்டு அங்குலம் தூக்கினால் லிங்க்கும் ஏறக்குறைய அதே அளவு நீள வேண்டும். புதிய தாரின் முன்பக்கம் அப்படியல்ல, ஒவ்வொரு சக்கரமும் தனித்தனி விஷ்போன் ஆர்மில் தொங்குகிறது. லிங்க் ஆர்மின் நுனியில் இல்லாமல் உள்தள்ளிப் பிடிக்கப்பட்டிருந்தால், தூக்கிய உயரத்தில் ஒரு பங்கை மட்டும் கூட்டினால் போதும். முழுதும் கூட்டியவருக்குக் கம்பி மறுபக்கம் சாய்ந்து நிற்கும். லிங்க் தேவைக்குக் குட்டையாக இருந்தாலும் ஆபத்து. சக்கரம் முழுக்கத் தொங்கும்போது கம்பியும் லிங்க்கும் ஒரே நேர்கோட்டுக்கு வந்து, தலைகீழாய்ப் புரண்டு மாட்டிக்கொள்ளும். ஆகவே பூட்டிய பிறகு ஒரு பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, மறுபக்கத்தைத் தொங்கவிட்டு, பிரேக் ஹோஸும் டயரும் எங்கேயும் உரசவில்லையா என்று பார்க்க வேண்டும். புஷ் வைத்த லிங்க்கின் நட்டை, வண்டி நாலு காலில் தரையில் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும். இவ்வளவும் செய்தாலும் தாரின் முன்பக்கம் ஓரளவுக்குமேல் இறங்காது. ஆர்மும் ஷாக்கும் வைத்த எல்லை அது. லிங்க்கை மாற்றியதால் பெரும்பயன் பெறுவது ரிஜிட் ஆக்சில் வண்டிதான். குர்காக்காரரிடம் இதைச் சொன்னால் அவர் தன் முன்பக்கமும் இப்போது விஷ்போன்தான் என்று வருத்தத்தோடு ஒப்புக்கொள்வார்.

இதில் ஒரு சங்கடமான புவியியல் உண்டு. புதிய தாரை வடிவமைத்த மகேந்திரா ஆராய்ச்சி மையம் பொத்தேரியிலிருந்து நான்காவது ரயில் நிலையமான பரனூரை ஒட்டிய மகேந்திரா சிட்டியில் இருக்கிறது. அங்கே பொறியாளர்கள் லிங்க்கின் நீளத்தை எப்போதோ முடிவுசெய்துவிட்டார்கள். அந்த முடிவை அண்ணன் தினமும் அதே சாலையில் மறுபரிசீலனை செய்துகொண்டு போகிறார்.

ஆர்ட்டிகுலேஷனுக்கு அளவுகோலும் இருக்கிறது. சாய்தளம் ஒன்றில் ஒரு முன்சக்கரத்தை மட்டும் ஏற்றி, ஏதாவது ஒரு சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும்வரை போக வேண்டும். ஏறிய தூரத்தை வீல்பேஸால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் மதிப்பெண். தாரின் வீல்பேஸ் 2450 மில்லிமீட்டர், ஆகவே 1225 ஏறினால் 500. பொத்தேரியில் இதற்குக் கிடைக்கும் ஒரே சாய்தளம் அடுக்குமாடியின் அடித்தளத்துக்கு இறங்கும் பாதை. ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஒரு சக்கரம் அதன் ஓரத்திட்டில், மூன்று சக்கரம் கீழே என்று வண்டி கோணிக்கொண்டு நிற்க, அண்ணன் டேப்பைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பார். அசோசியேஷன் செயலாளர் நைட்டி மேல் துண்டு போட்டபடி வந்து, "தம்பி, பால் வண்டி உள்ள வரணும்" என்பார். மதிப்பெண் பதிவாகாமலே சோதனை முடியும்.

இவர் முற்றிலும் வீண் என்று சொல்லிவிடக் கூடாது. 2015 டிசம்பரில் அடையாறு முடிச்சூருக்குள் புகுந்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இந்தப் பக்கத்துத் தெருக்களில் சின்னக் கார்கள் மிதந்தன. தெருவில் உயரமான வண்டி ஒன்று இருந்தால் அன்றைக்குப் பால் பாக்கெட்டும், டயாலிசிஸுக்குப் போக வேண்டிய பெரியவரும் அதை நம்பித்தான். புதிய தார் 650 மில்லிமீட்டர் தண்ணீரில் போகலாம் என்கிறது கம்பெனி. அந்த நாளில் உதவியவை தரையிலிருந்து 226 மில்லிமீட்டர் உயரமும் காற்று உறிஞ்சும் குழாயின் இடமுமே. லிங்க்குக்கு அதில் பங்கில்லை. என்றாலும் அண்ணன் புகழ் முழுவதையும் லிங்க்குக்கே எழுதிவைப்பார்.

இவ்வகையில் ஆபத்தான கிளை ஒன்று உண்டு. பின்னை ஒருமுறை உருவிவிட்டு, திரும்பப் போடச் சோம்பிக் கிடப்பவர்கள். இரு பக்கமும் சமதரையில் நின்றால்தான் துளை நேர்படும், கையில் கிரீஸ் ஆகும், மழை வேறு. அப்படியே கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் தாண்டி எண்பதில் போகும்போது ஷேர் ஆட்டோ குறுக்கே வந்தால், சட்டென்று ஒடித்த உயரமான வண்டி சாயும் சாய்வைத் தடுக்க அடியில் எதுவும் இருக்காது. கம்பியைக் கழற்றிய வண்டியைச் சாலையில் ஓட்டவே கூடாது. கம்பெனி அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு சட்டவிரோத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ உண்டு. சிறை என்ற பேச்சுக்கு அண்ணன் அஞ்சுவதில்லை. ஸ்நார்க்கலைக் கழற்ற வேண்டிவருமே என்பதுதான் கவலை.

மூன்று நான்கு வருடத்தில் பையன் பத்தாம் வகுப்புக்கு வருவான், மாமியாருக்கு முட்டிவலி கூடும், வண்டி விற்பனைக்கு வரும். பரணிலிருந்து பக்கப்படியும், தினத்தந்தியில் சுற்றிவைத்த கம்பெனி லிங்க் இரண்டும் இறங்கும். ஹெய்ம் ஜாயின்ட் லிங்க்குக்குத் தனி விலை போடப்படும். விளம்பரத்தின் முதல் வரியில் அண்ணன் தட்டச்சு செய்வது இது: "சிங்கிள் ஓனர். ஒருநாளும் ஆஃப்ரோடு போகாத வண்டி."

அதில் எழுத்துக்கு எழுத்து பொய் கிடையாது.