கதவு மூடும் ஓசை

தாமல் ஏரிக்கரையை ஒட்டி ஓடும் பெங்களூர் நெடுஞ்சாலையில் பழுதாகி நிற்கும் வண்டிகளைச் சிறுவயதிலிருந்து பார்த்து வருகிறேன். லாரி நின்றால் டிரைவர் ஜாக்கியை எடுத்துக்கொண்டு அடியில் படுத்துவிடுவார். வேன் நின்றால் பத்துப் பேர் இறங்கித் தள்ளுவார்கள். போன சித்திரையில் ஒரு நண்பகலில் நின்ற கார் வேறு ரகம். கருநீல வண்ணப் பூச்சில் கரைமேல் நின்ற பனைமரங்கள் அசைவது தெரிந்தது. அவ்வளவு அழகான பொருளை எங்கள் ஊர்ச் சாலையோரத்தில் நான் கண்டதில்லை.

எந்த நிறுவனத்தின் கார் என்பது இங்கே வேண்டாம். காஞ்சிபுரத்துப் பட்டு வியாபாரி ஒருவர், அம்மாவை வேலூருக்கு மருத்துவமனைக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தார். முன்னால் இருந்த திரையில் நிதானமாக ஓட்டும்படி ஓர் அறிவிப்பு வந்ததாம். அவரும் நிதானமாகத்தான் ஓட்டினார். இரண்டு கிலோமீட்டரில் எல்லாம் அணைந்துவிட்டது. ஏசி இல்லை, கண்ணாடி இறங்கவில்லை. பின்சீட்டில் எழுபது வயதைத் தாண்டிய அம்மா.

எங்கள் ஊர் மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். "கவர் மேல கவர் போட்டிருக்காங்கண்ணே. கை வைக்க எடமே இல்ல" என்றார். என் மனைவி அந்த அம்மாவைக் கைப்பிடித்து இறக்கி, "வாங்கம்மா, வீடு பக்கத்துலதான், மோர் குடிச்சிட்டு உக்காருங்க" என்று திண்ணைக்கு அழைத்து வந்தாள். இறங்கியபின் அவர் மகன் கதவைச் சாத்தினார். அந்த ஓசை இன்னும் காதில் இருக்கிறது. மெத்தைமேல் தேங்காய் விழுந்ததுபோல ஒரு மென்மையான, கனமான ஓசை. கதவு மூடும் ஓசை இப்படித்தான் இருக்க வேண்டும் என்று பொறியாளர்கள் மாதக்கணக்கில் உழைத்து அமைப்பார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். பிஎம்டபிள்யூ நிறுவனம் தன் மின்சாரக் கார்கள் எழுப்பும் ஒலியை உருவாக்க ஹான்ஸ் ஸிம்மரையே அமர்த்தியது. ஆஸ்கர் வாங்கிய இசையமைப்பாளர்! காது என்ன விரும்பும் என்று இத்தனை நுட்பமாக அறிந்தவர்களை நான் மதிக்கிறேன்.

மூன்றரை மணி நேரத்தில் சென்னையிலிருந்து வண்டி ஏற்றிச் செல்லும் லாரி வந்தது. அதன் ஓட்டுநர் நான்கு சக்கரங்களுக்கும் துணிப்பட்டை சுற்றி, கீறல் விழாமல், உற்சவரைப் பல்லக்கில் ஏளப்பண்ணும் கவனத்தோடு காரை மேலே ஏற்றினார். அம்மாவை வேலூருக்குக் கொண்டுபோனது எங்கள் தெருவில் இருக்கும் பழைய வாடகைக் கார்.

பதினான்கு மாதத்தில் இது நான்காவது முறை என்றார் பட்டு வியாபாரி. ஒவ்வொரு முறையும் சர்வீஸ் சென்டரில் காபி கொடுத்து உட்காரவைத்து, "ஸ்கேன் பண்ணிப் பாத்தோம் சார், ஃபால்ட் கோடு எதுவும் வரல. சாஃப்ட்வேர் அப்டேட் போட்டாச்சு" என்பார்களாம். அவர்கள் பணிவைப் பற்றி அவருக்கு ஒரு குறையும் இல்லை. எனக்கும் இல்லை.

காஞ்சியை ஆண்ட தொண்டைமானிடம் அதியமானின் தூதாக வந்த ஔவை, அவன் படைக்கலக் கொட்டிலைப் பார்த்துப் பாடியது புறநானூற்றில் 95-ஆம் பாட்டு. உன் ஆயுதங்கள் நெய் பூசி, பீலி சூடிப் பளபளக்கின்றன. அதியமானுடையவையோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்பது அதன் பொருள். பள்ளிக்கூடத்தில் இதைப் புகழ்வதுபோலப் பழித்தல் என்று படித்தோம். வளர்ந்தபின் எனக்குத் தோன்றியது: அந்தப் புகழில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆயுதங்கள் உண்மையிலேயே அழகாக இருந்தன. அந்த அழகே குற்றச்சாட்டாக நின்றது. இந்தக் கார்களைப் பற்றிச் சொல்லவும் எனக்கு அந்த வழிதான் தெரிகிறது. இவர்களுடைய திறமையை நான் மனமாரப் புகழ்கிறேன். அதனாலேயே, தெரியவில்லை, முடியவில்லை என்ற பேச்சை இவர்களிடமிருந்து ஏற்க முடியவில்லை.

பிஎம்டபிள்யூவின் இந்தியத் தொழிற்சாலை 2007 மார்ச்சில் மறைமலைநகர் அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் திறக்கப்பட்டது. அப்போது அது எங்கள் காஞ்சிபுரம் மாவட்டம்தான். அடுத்த இரண்டாண்டில், 2009 செப்டம்பர் 25 அன்று ஹைதராபாதில் ஜிவிஆர் இந்தியா புராஜெக்ட்ஸ் என்ற நிறுவனத்துக்கு 7 சீரீஸ் கார் ஒன்று ஒப்படைக்கப்பட்டது. நான்கே நாளில், 29-ஆம் தேதி, பழுது. சரிசெய்து கொடுத்தார்கள், நவம்பர் 13 அன்று மறுபடியும். வாங்கியவர் காவல் நிலையத்துக்குப் போய்விட்டார். 2012-இல் உயர் நீதிமன்றம் குற்ற வழக்கை ரத்து செய்தது, ஆனால் புதுக்கார் கொடு என்றது. நிறுவனம் கொடுக்கவும் முன்வந்தது. வாங்கியவர்தான் பணமாகக் கேட்டார். அதையும் சொல்லிவிட வேண்டும். 2024 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றம், 50 லட்சம் ரூபாய் கொடுத்து முடித்துக்கொள்ளுங்கள் என்று தீர்த்துவைத்தது. அந்தக் கார் வந்த மாதம் பிறந்த பிள்ளை பத்தாம் வகுப்புக்கு வரும் வயது. இத்தனை ஆண்டு வழக்காடப் பொறுமையும் வழக்கறிஞர்களும் கொண்ட ஒரு நிறுவனத்துக்கு, அந்த முதல் வாரத்திலேயே வாங்கியவர் வாசலுக்குப் போய் "தவறு எங்களுடையது, வேறு கார் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லும் வலு இல்லாமலா போயிருக்கும்?

அந்தத் தீர்ப்புக்கு முந்தின நாள், ஜூலை 9, அதே நீதிமன்றத்தில் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தின் மேல்முறையீடுகளில் தீர்ப்பு. ஒரு வழக்கில் காரின் தரையில் நடுவே உள்ள மேடு சூடேறியதாகப் புகார். மற்றதில் 2006-இல் நடந்த விபத்தில் முன்பக்கக் காற்றுப்பைகள் விரியவில்லை. எந்த மோதலில் பை விரியும், எதில் விரியாது என்பதை வாங்குபவருக்கு முழுமையாகச் சொல்லாதது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் சொல்லியிருந்தது, அது நிலைத்தது. மோதிய கணத்தில், கண் இமைப்பதற்குள் விரியும் பையை உருவாக்கிய அறிவைக் கையெடுத்துக் கும்பிடலாம். அது எப்போது விரியாது என்று எளிய சொற்களில் ஒரு பக்கம் எழுதித்தர அதில் நூறில் ஒரு பங்கு அறிவு போதும்.

தென்கொரியாவில் 2018 கோடையில் பிஎம்டபிள்யூ டீசல் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தீப்பிடித்தன. புகையை மறுபடி எஞ்சினுக்குள் அனுப்பும் பகுதியின் குளிர்விப்பானில் கசிவு. கசிந்த திரவம் கரியோடு சேர்ந்து படிந்து, சூடேறி, பற்றிக்கொண்டது. சோதனைக்கு வராத கார்கள் சாலையிலேயே ஓடக் கூடாது என்று ஆகஸ்டில் அரசு ஆணையிட்டது. டிசம்பரில் விசாரணைக் குழு, நிறுவனம் குறையை மறைத்தது, திரும்பப் பெறுவதைத் தாமதித்தது என்று அறிவித்தது. அபராதம் 1,120 கோடி வொன். தீக்குக் காரணமான துளி எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். கண்டதை உடனே உரக்கச் சொல்லியிருந்தால், பின்னால் குழந்தைகளை உட்காரவைத்து ஓட்டிக்கொண்டிருந்த எத்தனை பேர் முன்பே சுதாரித்திருப்பார்கள்!

என் இரவுத் தூக்கத்தைக் கெடுப்பது டகாட்டா நிறுவனத்தின் காற்றுப்பைதான். சிக்கனமான, கைக்கு அடக்கமான கண்டுபிடிப்பு. பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ், ஆடி, ஃபெராரி வரை எல்லோரும் நம்பி வாங்கினார்கள். உள்ளே அம்மோனியம் நைட்ரேட். ஈரம் உறிஞ்சும் பொருள் சேர்க்கப்படாத பைகளில், ஆண்டுக்கணக்கில் வெயிலும் ஈரக்காற்றும் மாறி மாறிப் பட்டால் மருந்து சிதைகிறது. விபத்தில் பை விரிய வேண்டிய வேகத்துக்கு மேல் வெடித்து, உலோகக் கூட்டின் சிதறல்கள் முகத்திலும் கழுத்திலும் பாய்கின்றன. உயிர்காக்க வைத்த பொருளே பலரைக் கொன்றது. உலகம் முழுவதும் சுமார் 10 கோடி பைகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. சோதனை விவரங்களைத் திருத்திக் காட்டியதை 2017 ஜனவரியில் டகாட்டா அமெரிக்காவில் ஒப்புக்கொண்டு 100 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. அந்த ஜூனில் திவாலானது. அமெரிக்காவில் வெயிலும் ஈரமும் மிகுந்த புளோரிடா போன்ற மாநிலங்களுக்கே முன்னுரிமை தந்து பைகளை மாற்றினார்கள். வெயிலும் கடற்காற்றின் ஈரமும் காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம் நாட்டிலும் சட்டம் வந்திருக்கிறது, நல்ல சட்டம். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ பிரிவு சேர்ந்தது. 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. புகார்கள் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் வண்டிகளைத் திரும்பப் பெறும்படி அரசே ஆணையிடலாம், ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஆனால் ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான். டகாட்டா பை ஆண்டுகள் ஏற ஏறத்தான் கொடியதாகிறது. பழைய சொகுசுக் காரை இரண்டாம் கையாக, மூன்றாம் கையாக ஆசைப்பட்டு வாங்குகிறவர் எங்கள் பக்கத்து இளைஞர்தான். அவருடைய முகவரி நிறுவனத்தின் ஏட்டில் இருக்காது. திரும்பப் பெறும் அறிவிப்பு முதல் உரிமையாளரின் பழைய மின்னஞ்சலுக்குப் போய் அங்கேயே கிடக்கும்.

எங்கள் மாவட்டத்து உத்திரமேரூர் கல்வெட்டு, முதலாம் பராந்தகன் காலத்தது, 919-இலும் 921-இலும் பொறித்தது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி குடவோலையில் நிற்க முடியாது, அவனுடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது என்று அதில் இருக்கிறது. ஒரு காரின் கணக்கு என்பது எந்த மாதம் எத்தனை புகார் வந்தது, எதற்கு என்ன செய்தோம் என்பதுதான். அதைச் சுவரில் எழுதிவைக்க இவர்களுக்கு இடமில்லாமல் இல்லை. ஷோரூம் சுவர் அவ்வளவு பெரியது.

எங்கள் தெருப் பையன் ஒருவன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கார் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். விடியற்காலை கம்பெனி பஸ் வந்து நிற்கும்போதே தயாராக இருப்பான். அன்று அந்தக் கருநீலக் காரைச் சுற்றிச்சுற்றி வந்தவன், கதவு விளிம்பைக் கையால் தடவிப் பார்த்து, "கேப் எங்கேயும் மாறல மாமா, சூப்பரா செஞ்சிருக்காங்க" என்றான். அவனுடைய லைனில் ஒரு போல்ட் சரியாக இறுகாவிட்டால் கயிற்றை இழுத்து வேலையை நிறுத்தலாமாம். யார் இழுக்கலாம் என்று கேட்டேன். "யார் வேணாலும் இழுக்கலாம். நானே ரெண்டு தடவ இழுத்திருக்கேன்" என்றான். அவனுக்கு இருபத்திரண்டு வயது.

போன வாரம் அந்தப் பட்டு வியாபாரி கூப்பிட்டார். கார் திரும்பி வந்துவிட்டதாம், கழுவித் துடைத்து, புத்தம்புதிதாக. அம்மாவை மறுபடி வேலூருக்கு அழைத்துப் போக வேண்டுமாம். கதவைத் திறந்துவைத்துக்கொண்டு கால்மணி நேரம் நின்றும் அம்மா ஏறவில்லையாம். எங்கள் தெருவின் அந்தப் பழைய வாடகைக் கார்க்காரர் நம்பரைக் கேட்டார்.