மூன்றே நாளில் ஆய்வுக் கட்டுரை

கேள்வி: 'பணம் கட்டினால் மூன்று நாளில் உங்கள் கட்டுரையை வெளியிடுகிறோம்' என்று ஓர் ஆய்விதழ் மெயில் அனுப்பியிருக்கிறது. அனுப்பலாமா?
– ஆய்வு மாணவி, விளாங்குடி

பதில்: வேண்டாம் தாயி! கல்யாணப் பத்திரிகைக்கே பெரியப்பா, தாய்மாமன் என்று நாலு பேர் புரூப் பார்க்கிறார்கள். உங்கள் பல வருட உழைப்பைத் துறை அறிந்த இரண்டு பேராவது நிதானமாகப் படிக்க வேண்டாமா? அந்த மெயிலை இன்னொரு முறை பாருங்கள். 'மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களே' என்று உங்களை விளித்திருக்கும், கட்டணம் இருக்கும், ஆசிரியர் குழுவில் யார் என்பது மட்டும் இருக்காது.

இந்த வியாபாரம் சின்னதல்ல. 2018 மே மாதம் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.), தான் அங்கீகரித்த ஆய்விதழ்களின் பட்டியலிலிருந்தே 4,305 இதழ்களை நீக்கியது. அடுத்த ஆண்டு, ஹைதராபாத்தின் ஓமிக்ஸ் நிறுவனம் ஆய்வாளர்களை ஏமாற்றியதாகக் கூறி, 5 கோடி டாலருக்கு மேல் கட்டச் சொன்னது அமெரிக்க நீதிமன்றம். தரமான இதழ்களை அடையாளம் காட்ட 2019-இல் வந்த 'கேர்' பட்டியலையும் 2025-இல் யு.ஜி.சி. கைவிட்டுவிட்டது. நல்ல இதழைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு இப்போது உங்கள் தலையிலும் உங்கள் கல்லூரியின் தலையிலும்தான்.

இதழ் மட்டும் யோக்கியமாக இருந்தால் போதாது. யு.ஜி.சி.யின் 2018 விதிப்படி, ஆய்வேட்டில் 60 சதவீதத்துக்கு மேல் காப்பி என்றால் பதிவே ரத்து. உழைக்காதவர் பெயரை ஆசிரியர் வரிசையில் சேர்ப்பதும் தவறுதான், அவர் துறைத்தலைவராகவே இருந்தாலும்!

இனி எந்த இதழுக்கு அனுப்பும் முன்பும், அதில் ஏற்கெனவே வந்த நாலு கட்டுரைகளை முழுதாகப் படித்துப் பாருங்கள். படிக்கச் சகிக்கவில்லை என்றால் பணத்தைக் கட்டாதீர்கள்.