வாட்ச்மேனும் மாட்டு வைத்தியமும்

70 வயதில் ரிட்டயர் ஆனால் பேரனை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டு வாக்கிங் போவோம். பெஞ்சமின் டக்கர் என்ற அமெரிக்கத் தாவரவியல் பேராசிரியரோ லெடர்லே மருந்து கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, ஊர் ஊராக மண் பொட்டலம் வரவழைத்தார்! மிசௌரி மண்ணில் ஒரு கிருமி சிக்க, 1948இல் ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாடிக் வந்தது. டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை.

(லெடர்லேயில் ஆராய்ச்சித் தலைவர் யார் தெரியுமோ? எல்லப்பிரகடா சுப்பாராவ். கதர் உடுத்திய குற்றத்துக்காக அவருக்கு எம்.பி.பி.எஸ். தராமல் எல்.எம்.எஸ். கொடுத்து அனுப்பியது நம்ம மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்.)

பாக்டீரியா சும்மா இருக்குமா? உள்ளே வரும் மருந்தை வெளியே தள்ள ஒரு பம்ப் வைத்துக்கொண்டது. சதா ஓடினால் பம்ப்பே ஆபத்து. எனவே பம்ப்பைத் தயாரிக்கும் ஜீன்மேல் டெட்ஆர் என்ற புரோட்டீனை வாட்ச்மேனாக உட்கார வைத்தது. மருந்து வந்து தொட்டதும் எழுந்து போய்விடுவார். இது தூங்கும் வாட்ச்மேன் அல்ல, ஓடும் வாட்ச்மேன்.

1992இல் ஹைடல்பர்க்கில் மான்ஃப்ரெட் கோசனும் ஹெர்மன் புயார்டும் இவரையே மனித செல்லில் வேலைக்கு எடுத்தார்கள். போகிற போக்கில் ஹெர்பிஸ் வைரஸின் ஒரு துண்டையும் அவர் முதுகில் ஒட்டினார்கள். விளைவு? ஜீனை அடக்க உட்கார்ந்தவர், இப்போது உட்கார்ந்தாலே ஜீன் எழுந்து ஆடியது! மருந்து கொடுத்தால் ஆட்டம் நிற்கும். இந்த சுவிட்சின் பெயர் டெட்-ஆஃப்.

ஒரே சிக்கல்: ஜீனை அடக்கி வைக்க வேண்டுமானால் மருந்தை நிறுத்தவே கூடாது. நோயே இல்லாத சோதனை எலிக்கு ஆயுள் முழுக்க ஆன்டிபயாடிக்! 1995இல் நாலே அமினோ அமிலம் மாறிய ஒரு வாட்ச்மேன் கிடைத்தார். அவர் மருந்து வந்தால்தான் சீட்டில் உட்காருவார். பெயர் டெட்-ஆன். எதை மாற்றுவது என்று கணக்குப் போட்டா கண்டுபிடித்தார்கள்? கண்டபடி கலைத்துப் போட்டு, தேறியதைப் பொறுக்கினார்கள்.

எலிக்குக் கொடுத்தது டெட்ராசைக்ளின் குடும்பத்து டாக்ஸிசைக்ளின் கலந்த தண்ணீர். ஒரே கசப்பு. எலி முகத்தைத் திருப்பிக்கொண்டது. உடனே மூலக்கூறு உயிரியல் மேதைகள் சர்க்கரை கலந்து, தாஜா பண்ணிக் குடிக்க வைத்தார்கள்.

எலியாவது பரவாயில்லை. கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களில், யாரும் மருந்தே ஊற்றாமல் சுவிட்ச் தானாக வேலை செய்தது! பேயா, பிசாசா? மாடு, ஸார். செல்களுக்குச் சாப்பாடு கன்றின் ரத்த சீரம். மாட்டுக்கு யாரோ போட்ட டெட்ராசைக்ளின் அதில் மிச்சம் இருந்தது. பண்ணைத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலந்தால் கோழி கொழுக்கும் என்று 1950இல் உலகுக்குச் சொன்னதே யார்? அதே லெடர்லே ஆட்கள்!

கம்பெனிகள் அசருமா? 'டெட்ராசைக்ளின் இல்லாத சீரம்' என்று லேபிள் ஒட்டி, தனி அயிட்டமாகவே விற்க ஆரம்பித்துவிட்டன.