தொப்பை மட்டும் பழையது

கேள்வி: வேலை கிடைத்து பெங்களூர் வந்திருக்கிறேன். ஊர் புதிது, கன்னடம் புதிது, தொப்பை மட்டும் பழையது. நல்ல ஜிம், யோகா வகுப்பை எப்படிக் கண்டுபிடிப்பது?
- வாசகர், எலெக்ட்ரானிக் சிட்டி

பதில்: பெங்களூரில் தூரத்தைக் கிலோமீட்டரில் அளப்பவர் புதியவர், ‘சில்க் போர்டு சந்திப்பு டிராஃபிக்கைத் தாண்டணுமா?’ என்று கேட்பவர்தான் ஊர்க்காரர். ஆகவே, நடந்து போகிற தூரத்தில் இருப்பதே நல்ல ஜிம்.

நீங்கள் பயிற்சி செய்யப்போகும் நேரத்திலேயே போய்ப் பாருங்கள். மத்தியானம் மூன்று மணிக்கு எல்லா ஜிம்மும் அழகாகத்தான் இருக்கும். மாலை ஏழரைக்கு டிரெட்மில் முன்னால் ரேஷன் கடை வரிசை நிற்கும். ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் பாதி விலை என்று ஆசை காட்டுவார்கள். இரண்டாம் மாதமே நீங்கள் காணாமல்போய்விடுவீர்கள் என்ற நம்பிக்கையில் தரும் தள்ளுபடி அது! மாதாமாதம் கட்டுங்கள்.

யோகா விஷயத்தில் பெரிய இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள். பக்கத்து மைசூரில், 1930-களில் மகாராஜா ஆதரவோடு கிருஷ்ணமாச்சார்யா யோகா கற்பித்தார். அவரிடம் பயின்று உலகப் புகழ்பெற்ற பி.கே.எஸ். ஐயங்காரும் பட்டாபி ஜோயிஸும் கர்நாடகத்தில் பிறந்தவர்கள்தாம். அதற்காகப் போர்டு மாட்டியவர் எல்லாம் அவர்கள் சீடராகிவிட முடியுமா? முதல் வகுப்பில் ஒன்றைக் கவனியுங்கள்: முதுகுவலி, பிரஷர், ஆபரேஷன் உண்டா என்று ஆசிரியர் விசாரித்தாரா? விசாரிக்காமல் தலைகீழாக நிற்கச் சொன்னால், நேராக நடந்து வெளியே வந்துவிடுங்கள்.

காலையில் பக்கத்துப் பூங்காவில் வாக்கிங் வரும் பெரியவர்களிடம் கேளுங்கள். நல்ல ஆசிரியரின் விலாசம் கிடைக்கும். பல சமயம் தமிழிலேயே.