ஆல்டோவின் அடியில் 1,800 மீட்டர்: சிறுகார்ப் பிரேக் மேம்பாடு குறித்துப் பெரியகுளத்தில் ஓர் ஆய்வு

1. ஆய்வு நோக்கம்

பெரியகுளத்தில் ஒருவர் கார் வாங்கினால் ஊர் கேட்கும் முதல் கேள்வி மைலேஜ். இரண்டாவது, “கொடைக்கானல் ஏத்திட்டீங்களா?” ஏற்றியவரை ஊர் மெச்சும். இறக்கியவரை யாரும் விசாரிப்பதில்லை. அந்தக் குறையைப் போக்குவதும், ஆல்டோ வகைச் சிறு கார்களுக்குப் பிரேக் மேம்பாடு தேவைதானா என்று ஆராய்வதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

2. ஆய்வுக் களம்

மலைக்கு இரண்டு வழி. தேவதானப்பட்டி தாண்டி காட்ரோட்டில் திரும்புவது ஒன்று. கும்பக்கரைப் பக்கம் போய், அடுக்கம் வழியாகப் பெருமாள்மலையில் சேர்வது மற்றொன்று. இதில் தூரமும் குறைவு, அகலமும் குறைவு. மோட்டார் ரோடு வருமுன், 19ஆம் நூற்றாண்டில், பெரியகுளத்துக்கு அருகே கிருஷ்ணமநாயக்கன் தோப்பிலிருந்து துரைமார் டோலியில் ஏறிப் போனார்கள். இறங்கும்போது பிரேக்காக இருந்தவை டோலி தூக்கிகளின் குதிகால்கள். அவற்றை மேம்படுத்தும் யோசனை எந்தத் துரைக்கும் வந்திருக்காது.

3. சிந்தனைப் பள்ளிகள்

(அ) டிஸ்க்வாதிகள்: சிறு காரில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். “நாலும் டிஸ்க்கா இருந்தா சொன்ன இடத்துல நிக்கும்” என்பது இவர்கள் வேதம். பெரிய டிஸ்க் 12 அங்குல வீலுக்குள் அடங்காது. எனவே வீல் மாறும். வீல் மாறினால் டயர் மாறும். பின்னால் டிஸ்க் வந்தால் ஹேண்ட்பிரேக் கேபிளும் மாறும். மாறாமல் எஞ்சுவது ஆர்.சி. புத்தகம் ஒன்றுதான். கம்பெனி அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுப்பதால் அங்கேதான் வில்லங்கம். இத்தனைக்கும், மிதித்த மிதியில் சக்கரத்தைப் பூட்டிவிடும் பலம் பழைய பிரேக்குக்கே உண்டு. அதற்குமேல் எங்கே நிற்பது என்பதை டயரும் தார் ரோடும் பேசி முடிவு செய்துகொள்ளும். 2019 ஏப்ரல் முதல் புதுக் கார்களில் கட்டாயமான ஏ.பி.எஸ். அந்தப் பூட்டலையும் தவிர்த்துவிடுகிறது.

(ஆ) எலுமிச்சைவாதிகள்: சக்கரத்துக்கு ஒரு பழம். இயற்பியல் இதை ஏற்கவில்லை, வீட்டில் ஏற்கிறார்கள்.

(இ) கால்வாதிகள்: முன்சீட்டில் இடப்பக்கம் உட்காரும் மாமாக்கள். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் இல்லாத பெடலை ஓங்கி மிதிப்பார்கள். அந்தப் பக்கத்து மேட்டைத் தூக்கிப் பாருங்கள்: வலது குதிகால் பட்ட இடம் வட்டமாகத் தேய்ந்து, ரப்பர் வெளுத்திருக்கும்.

4. கணக்கு

ஐந்து பேரும் ஒரு கூடை பிளம்ஸும் ஏறிய கார் சுமார் 1,100 கிலோ. கொடைக்கானலிலிருந்து பெரியகுளத்துக்கு இறக்கம் சுமார் 1,800 மீட்டர். இதில் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 1.9 கோடி ஜூல். நாலு குடம் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகும் அதே காரை 45 தடவை நிறுத்துவதற்குச் சமம். காற்றும் டயரும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மீதியை எஞ்சின் வாங்க வேண்டும்; பெட்ரோலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டால், அத்தனையும் பிரேக் பேட் தலையில் விழும்.

பேடின் சூடு பிரேக் ஆயிலுக்கு இறங்கும். புது டாட்-3 ஆயில் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் சுபாவம் உள்ளது. நன்றாகக் குடித்தபின் 140 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதித்தால் ஆவி. ஆயில் அமுங்காது, ஆவி அமுங்கும். கால் தரையைத் தொடும், கார் நிற்காது.

5. முடிவுகள்

தென்கரைப் பட்டறை எதிலும் காணக்கூடிய காட்சி இது: மெக்கானிக் வீலைக் கழற்றி, டிஸ்க்கில் நீலம் பாய்ந்திருப்பதை விரலால் காட்டி, “எத்தனாவது கியர்லண்ணே இறங்குனீங்க?” என்பார். டிஸ்க்வாதி அலாய் வீல் விலையை விசாரிப்பார்.

ஆய்வின் பரிந்துரைகள்: இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றுக; பேட் தேயுமுன் மாற்றுக; வழுக்கை டயரோடு மலைக்குப் போகற்க; ஏறிய கியரிலேயே இறங்குக. இரண்டாவது கியரைக் கம்பெனியே பொருத்தி அனுப்பியிருக்கிறது. 52ஆம் பிரிவுக்கும் அதில் ஆட்சேபம் இல்லை.

வண்டி முனகுகிறதே என்று மாமா மட்டும் ஆட்சேபிப்பார். டிரைவிங் ஸ்கூல் காரில் உள்ளதுபோல் அவர் பக்கமும் ஒரு பெடல் வைத்துவிடலாமா என்பது தனி ஆய்வுக்குரியது. அதற்கு மாமாக்களின் நிதியுதவி வரவேற்கப்படுகிறது.