புள்ளி வைத்த கோப்பு

1970-களின் நடுவில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் ஒரு விநோதமான சிக்கல் முற்றிப்போயிருந்தது. அங்கே நிரல் எழுதப் பயன்பட்டது டெகோ என்ற எடிட்டர். எந்த விசையைத் தட்டினால் என்ன நடக்க வேண்டும் என்பதை மேக்ரோ எழுதி அவரவரே தீர்மானித்துக்கொள்ளலாம். தீர்மானித்துக்கொண்டார்கள். விளைவு, ‘இதைக் கொஞ்சம் பாரேன்’ என்று பக்கத்து இருக்கைக்காரர் கூப்பிட, போய் உட்கார்ந்தவருக்கு எதைத் தட்டினால் எது அழியும் என்று தெரியவில்லை. கை ஸ்டீல் என்பவர் எல்லாருடைய மேக்ரோக்களையும் அலசி ஒன்றாக்கும் வேலையைத் தொடங்கினார். ரிச்சர்ட் ஸ்டால்மன் அதைக் கையிலெடுத்து முடித்தார். 1976-இல் அப்படிப் பிறந்தது ஈமேக்ஸ்.

ஆளுக்கொரு எடிட்டர் என்ற நோய்க்கு வந்த மருந்து அது. மருந்திலேயே ஸ்டால்மன் ஒரு வசதியும் வைத்தார்: விரும்பியவர் விரும்பியபடி மாற்றிக்கொள்ளலாம். 1985-இல் வெளியான குனு ஈமேக்ஸில் இதற்கென்றே லிஸ்ப் மொழியின் ஒரு வடிவம் உள்ளே குடியேறியது. அப்புறம் கேட்க வேண்டுமா? அஞ்சல் படிக்கலாம், நாட்காட்டி பார்க்கலாம், டெட்ரிஸ் ஆடலாம், மனசு சரியில்லை என்றால் உள்ளேயே இருக்கும் ‘டாக்டர்’ என்ற நிரலிடம் புலம்பலாம். அது பதில் சொல்லாது. திருப்பிக் கேள்வி கேட்கும். பட்டாம்பூச்சியின் சிறகசைப்பைக் கொண்டே வட்டில் எழுத ஈமேக்ஸில் கட்டளை உண்டு என்று ஒரு கேலிச்சித்திரம் நையாண்டி செய்தது. ஈமேக்ஸ்காரர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. அந்தக் கட்டளையையே சேர்த்துவிட்டார்கள்.

டெகோ காலத்துக் காட்சியை இன்று சென்னையின் எந்த மென்பொருள் அலுவலகத்திலும் பார்க்கலாம். புதிதாகச் சேர்ந்த தம்பி, மூத்தவரின் இருக்கையில் அமர்ந்து இரண்டு வரி திருத்தப் பார்க்கிறான்.

“அண்ணா, கேப்ஸ் லாக் வேலை செய்யலையே?”

“அது இப்போ கன்ட்ரோல் பா.”

“அப்ப கன்ட்ரோல்?”

“அதைத் தொடாதே.”

மூத்தவரைக் குறை சொல்லவும் முடியாது. பழைய எம்.ஐ.டி. விசைப்பலகைகளில் கன்ட்ரோல் விசை இடைவெளிப் பட்டைக்குப் பக்கத்திலேயே இருந்தது. பிறகு வந்த கணினிகள் அதைக் கீழ்மூலைக்குத் தள்ளின. ஈமேக்ஸ்காரர்களின் சுண்டுவிரல் வலி அங்கே தொடங்கியது. எதிர்முகாமான விஐ எடிட்டருக்கும் இதே கதிதான். அதே 1976-இல், பெர்க்லியில் மாணவராக இருந்த பில் ஜாய் அதை எழுதியபோது மேசையில் இருந்தது ஏடிஎம்-3ஏ என்ற முனையம். அதில் தனி அம்புக்குறி விசைகள் இல்லை. ஹெச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புகள் அச்சாகியிருந்தன. விஐ-யில் அடிக்கடி தட்ட வேண்டிய எஸ்கேப் விசை, இன்று டேப் இருக்கும் இடத்தில், விரலுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. முனையங்கள் எப்போதோ அருங்காட்சியகம் போய்விட்டன; விசைகளின் பழக்கம் போகவில்லை. எஸ்கேப் மட்டும் வடமேற்கு மூலைக்கு இடம்பெயர்ந்துவிட்டது. ஆகவே, ‘ஜே, கே இரண்டையும் அடுத்தடுத்துத் தட்டினால் எஸ்கேப்’ என்று உலகெங்கும் நிரலாளர்கள் எடிட்டர் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் தங்கள் கான்ஃபிக் கோப்பில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

தமிழில் எழுதுகிறவருக்கு இதில் கூடுதல் சோதனை. தமிழ்99 விசைப்பலகையில் அந்த நான்கு விசைகளும் க, ப, ம, த. கணினியைத் தமிழுக்கு மாற்றிவைத்த மறதியில் கீழே இறங்க ஜே-யைத் தட்டினால், எடிட்டரிடம் போய்ச் சேருவது ‘ப’. அது பேசாமல் நிற்கும். இதைச் சரிசெய்ய இன்னொரு பகுதி எழுத வேண்டும். கோப்பு வளரும்.

இந்தக் கோப்புகளின் பெயர்கள் பெரும்பாலும் புள்ளியில் தொடங்கும்; சாதாரணப் பட்டியலில் கண்ணுக்குத் தெரியாது. யாரும் உட்கார்ந்து யோசித்துச் செய்த ஏற்பாடு இல்லை இது. யூனிக்ஸின் ஆரம்ப நாட்களில், நடப்புக் கோப்புறையையும் மேல் கோப்புறையையும் குறிக்கும் ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளிகளைப் பட்டியலில் காட்டாமலிருக்க, முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் பார்க்கும் குறுக்குவழியை எழுதிவிட்டார்கள். புள்ளியில் தொடங்கிய எல்லாமே சேர்ந்து மறைந்தன. யூனிக்ஸ் குழுவில் பணியாற்றிய ராப் பைக் இதைப் பின்னாளில் வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். அப்படித் தற்செயலாக மறைந்த கோப்புகளைத்தான் இன்று நிரலாளர்கள் கிட்ஹப்பில் ஊரறியக் கடைபரப்புகிறார்கள். புள்ளி வைத்துவிட்டால் கோலம் வாசலுக்கு வந்துதானே ஆக வேண்டும்!

நெதர்லாந்தின் பிராம் மூலெனார் விஐ-யின் பாணியிலேயே 1991-இல் வெளியிட்ட விம் வந்தபின் கோலம் பெரிதாயிற்று. விம்முக்குக் கூடுதல் வசதிகள் தரும் பிளக்இன்கள் வந்தன. பிளக்இன்களை ஒழுங்காக வைக்க பாத்தஜென் வந்தது, பிறகு வண்டில், பிறகு விம்-பிளக். 2016-இல் விம் 8 அந்த வசதியைத் தனக்குள்ளேயே கொண்டுவந்தபோது, பலருக்கு ஏற்கெனவே ஒரு பிளக்இன் மேலாளர் மேல் பாசம் ஏற்பட்டுவிட்டிருந்தது. 2014-இல் விம்மிலிருந்து பிரிந்த நியோவிம், 2021-இல் கான்ஃபிக் முழுவதையும் லுவா மொழியில் எழுத வழிசெய்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்ததையெல்லாம் கலைத்து லுவாவில் எழுதினார்கள். பேக்கர் என்ற மேலாளரை நம்பி எழுதியவர்களுக்கு, 2023-இல் அதன் பராமரிப்பு நின்றுபோனதால், மறுபடி எழுதும் பாக்கியமும் கிட்டியது.

இத்தனையும் நேரத்தை மிச்சப்படுத்தத்தான் என்பார்கள். திறக்கும்போது எந்தக் கோப்பு எத்தனை மில்லிவிநாடி தின்கிறது என்று அளந்து சொல்ல விம்மிலேயே வழி இருக்கிறது. அதைப் பார்த்து நாற்பது மில்லிவிநாடியைக் குறைப்பதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுப்பவர் உண்டு. திங்கட்கிழமை திறந்த எடிட்டரை அவர் வெள்ளி வரை மூடுவதில்லை என்பது வேறு விஷயம்.

கோப்பு எதுவும் சொல்லாமல் விம்மைத் திறந்தால், உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்ற வேண்டுகோள் வரும். மூலெனார் 1990-களில் அந்நாட்டின் கிபாலேயில் ஒரு குழந்தைகள் மையத்தில் பணியாற்றியவர். மென்பொருளுக்கு விலை கேட்காமல் அந்தக் குழந்தைகளுக்குக் கொடை கேட்டார். 2023-இல் அவர் இறந்த பிறகும் அந்த வேண்டுகோள் நிலைத்திருக்கிறது. அழகுக்காகப் பலர் முதலில் நீக்குவது இந்தத் திரையைத்தான். அதன் இடத்தில் ஸ்டார்டிஃபை என்ற பிளக்இன் போட்டால், எழுத்துகளாலான ஒரு பசுமாடு வந்து பொன்மொழி சொல்லும். மாடு யாருக்கும் பள்ளிக்கூடம் கட்டியதாகத் தகவல் இல்லை.

என்றைக்காவது ஒருநாள் எல்லாம் உடையும். உதவி கேட்டுப் போனால், உங்கள் கான்ஃபிக் இல்லாமல் திறந்து பார்த்தீர்களா என்பதுதான் முதல் கேள்வி. ஈமேக்ஸில் இதற்கென்றே ஒரு சுவிட்ச் உண்டு. அப்படித் திறந்தால் எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும். அதைவிட அவமானம் வேறில்லை. சிலர் மனம் வெறுத்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்கள். ஈமேக்ஸ் வட்டாரத்தில் இதற்குப் பெயரே ‘திவால்’. திவாலானவர்களுக்காகவே பிறர் சமைத்துவைத்த ஸ்பேஸ்மேக்ஸ், டூம் ஈமேக்ஸ் போன்ற தயார்நிலைத் தொகுப்புகள் இருக்கின்றன. நாம் ஒரு வரியும் எழுத வேண்டியதில்லை. அவற்றைக் கொஞ்சம் நம் இஷ்டத்துக்கு மாற்ற மட்டும் ஒரு கான்ஃபிக் கோப்பு வேண்டும்.

2015-இல் மைக்ரோசாஃப்ட் விஎஸ் கோடை அறிமுகம் செய்தது. நிறுவியதுமே வேலையைத் தொடங்கலாம் என்பதால் பலர் பழைய கோப்புகளைத் தலைமுழுகிவிட்டு அங்கே போனார்கள். போன கையோடு, விசைகளை விம்போலவே நடக்கவைக்கும் நீட்சியைத் தேடிப் போட்டுக்கொண்டார்கள். அந்த நீட்சியின் அமைப்புகளில் ஒன்றை இயக்கினால், உங்கள் பழைய விம் கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லலாம். அதிலுள்ள விசை மாற்றங்களை அது தானே எடுத்துக்கொள்ளும்.